பெய்ரூத்தில் ஓடாத 'வொண்டர் வுமன்'



பகிஷ்கரிப்புப் பேச்சு எழும்போதெல்லாம், 'வொண்டர் வுமன் படத்தை அரபு நாடுகள் எல்லாம் தடை செய்தன' என்று யாராவது ஒருவர் சொல்கிறார். நாமும் விசாரிக்காமல் அதைப் பகிர்ந்திருக்கிறோம். நடந்தது அப்படியல்ல.

2017 மே 31. பெய்ரூத் தியேட்டர்களில் படம் தொடங்கச் சில மணித்தியாலங்களே இருந்தன. போஸ்டர்களும் ஒட்டியாகிவிட்டது. அப்போதுதான் தடை உத்தரவு வந்தது. பிரச்சினை கதையில் இல்லை. கதாநாயகி கல் கடோட் இஸ்ரேலியர். அந்நாட்டு இராணுவத்தில் இரண்டு வருடங்கள் இருந்தவர். 2014 காஸா யுத்தத்தின்போது அந்த இராணுவத்துக்காகப் பிரார்த்திப்பதாக முகநூலில் எழுதியவர். அந்த யுத்தத்தில் 2,200க்கும் அதிகமான பலஸ்தீனர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் 500க்கும் மேற்பட்டோர் சிறுவர்கள். லெபனானுக்கோ தன் சொந்த மண்ணில் 2006இல் விழுந்த குண்டுகளின் ஞாபகமும் இருந்தது.

இஸ்ரேலைப் பகிஷ்கரிக்கும் சட்டம் லெபனானில் 1955 முதல் இருக்கிறது. ஆனால் அதே நடிகை, அதே வொண்டர் வுமனாக வந்த 'பேட்மேன் வி சுப்பர்மேன்' 2016இல் அங்கே தடையில்லாமல் ஓடியது! சட்டம் மாறவில்லை. விடாமல் குரல் கொடுத்த ஒரு சிறு பிரசாரக் குழுவின் பேச்சுக்கு இம்முறை அரசாங்கம் செவிசாய்த்தது, அவ்வளவுதான். படம் பார்க்கக் காத்திருந்த லெபனானியர்கள் பலருக்கு இது கோபத்தை உண்டாக்கியதும் உண்மை.

படத்தையும் கொஞ்சம் பார்ப்போம். பெட்டி ஜென்கின்ஸ் என்ற பெண் இயக்கியது. காலம் முதலாம் உலக யுத்தம். ஒரு கிராமத்து மக்கள் பட்டினியில் கிடக்கிறார்கள் என்று கேட்டதும், 'நம்மால் ஒன்றும் செய்ய முடியாது' என்ற ஆண்களை விட்டுவிட்டு, துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே தனியாக நடக்கிறாள் டயானா. நல்ல காட்சிதான், மறுக்கவில்லை. அதனால்தான் அந்த முகநூல் பதிவு இன்னும் கசக்கிறது. மேலதிகப் படப்பிடிப்பு நடந்தபோது கடோட் ஐந்து மாதக் கர்ப்பிணி. வயிற்றுப் பகுதியில் பச்சைத் துணி வைத்து, பின்னர் கணினியில் அதை மறைத்தார்கள். இன்னொன்று: அவளுடன் போகும் சமீர், தோல் நிறத்தால் நடிகனாக முடியாமல் போனவன். அந்தப் பாத்திரத்தில் நடித்தவர் மொரோக்கோ வம்சாவளி சயீத் தக்மாவி.

உலகம் முழுக்க 820 மில்லியன் டொலருக்கு மேல் வசூல். லெபனான் இல்லாததால் ஸ்டூடியோவுக்கு நட்டம் பெரிதாக இல்லை. துனீசியாவில் நீதிமன்றம் படத்தை இடைநிறுத்தியது. ஜோர்தான் சில நாட்கள் நிறுத்திவைத்துவிட்டு அனுமதித்தது. ஐக்கிய அரபு இராச்சியத்திலோ வழமைபோல ஓடியது.

அந்தச் செய்தி மீண்டும் வந்தால், 'எல்லாம்' என்பதை வெட்டிவிட்டு 'லெபனான், துனீசியா போன்ற சில நாடுகள்' என்று திருத்தி அனுப்புங்கள்.