காசி மொழியின் எழுத்தும் வேல்சுப் பணியாளரும்

மேகாலயத்தில் வழங்கும் காசி, ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்து மொழி. செராம்பூர் பாப்திஸ்துகள் 1831இல் வங்க எழுத்தில் அச்சிட்ட காசிப் புதிய ஏற்பாடு மலைமக்களிடம் வேரூன்றவில்லை. 1841இல் சிரபுஞ்சி வந்த தாமஸ் ஜோன்ஸ், பின்னாளில் வேல்சுப் பிரெஸ்பிட்டீரியன் சபை எனப் பெயர்பெற்ற திருச்சபையினர். வங்க வரிவடிவை விடுத்து உரோமன் எழுத்தை மேற்கொண்டார். அடுத்த ஆண்டே முதல் வாசகநூல் வெளிவந்தது. அவ்வெழுத்து ஆங்கில வழியது என்பார் பலர், அது பொருந்தாது. ஙகரத்துக்குரிய ஈரெழுத்துக் கூட்டு தனியெழுத்தாக 'ஜி'யை அடுத்து நிற்பதும், 'ஒய்' உயிராக ஆளப்படுவதும் ஜோன்சின் தாய்மொழியாகிய வேல்சின் மரபு. 1847இல் திருச்சபை அவரை நீக்கிற்று. 1849இல் கல்கத்தாவில் இறந்தார். எழுத்து நிலைத்தது, அதன் குறையும் நிலைத்தது: குறில் நெடில் வேறுபாட்டை அது முறையாகக் காட்டுவதில்லை. மொழிபெயர்ப்பாளர் பல இடங்களில் சூழல் கொண்டே சொல்லைத் துணிய வேண்டியுள்ளது.