திப்புவின் ராக்கெட்டும் நவாபின் கடிதமும்

தீபாவளி அன்று ராக்கெட் விட்டுக்கொண்டிருந்த பேரன், "தாத்தா, இதைத் திப்பு சுல்தான்தான் கண்டுபிடிச்சாராமே?" என்று கேட்டான். "இல்லடா, அதுக்கு முன்னாலேயே சீனாவில் இருந்துச்சு. இரும்புக் குழாயில் மருந்தை அடைச்சுப் போருக்குக் கொண்டுபோனது மைசூர்க்காரங்க" என்றேன். சிவகாசிக்காரன் இதையாவது சரியாகச் சொல்ல வேண்டாமா?

ஆனால் நம் சீமையின் தலையெழுத்தை மாற்றியதில் திப்புவின் ராக்கெட்டைவிட அவர் அரண்மனையில் கிடைத்த கடிதங்களுக்கே பங்கு அதிகம்.

ஆற்காடும் மைசூரும் அண்டை அரசுகள். நவாப் முகமது அலி, படையுதவிக்காகத் திருச்சியைத் தருவதாக மைசூருக்கு வாக்குக் கொடுத்தார், பிறகு தரவில்லை. அந்தப் பகை, மைசூர் ஹைதர் அலியின் கைக்கு வந்த பின்னும் தீரவில்லை. 1780-இல் ஹைதர் படையெடுத்து வந்தார். காஞ்சிபுரம் பக்கம் புள்ளலூரில் ஆங்கிலேயக் கம்பெனிப் படை தோற்றது.

1792-இல் காட்சி மாறியது. கம்பெனியிடம் தோற்ற திப்பு, தம் மகன்கள் இருவரைப் பிணையாகச் சென்னைக்கு அனுப்பினார். உடன் வந்த மைசூர்த் தூதர்களிடம் நவாபும் அவர் மகன் உம்தத்துல் உம்ராவும் நெருக்கம் காட்டினார்கள். நாற்பது வருடப் பகைக்குப் பிறகு இரு அரண்மனைகளும் பேசத் தொடங்கின. அதே ஆண்டு ஜூலையில், நம் பக்கத்துப் பாளையங்களில் நவாபுக்காகப் பேஷ்குஷ் வசூலிக்கும் உரிமையைக் கம்பெனி ஒப்பந்தம் போட்டு வாங்கிக்கொண்டது. பேச்சு காலம் கடந்துதான் தொடங்கியது.

1799 மே 4-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. கைப்பற்றிய ஆவணங்களில் அந்தத் தூதர்களின் கடிதங்களும் இருந்தன. பெரும்பாலும் நலம் விசாரிப்பு, புகழ்ச்சி, சில சங்கேதப் பெயர்கள். "இது துரோகம்" என்றது கம்பெனி. முகமது அலி 1795-லேயே காலமாகிவிட்டார். பட்டத்திலிருந்த உம்தத்துல் உம்ரா 1801 ஜூலை 15-இல் மறைந்தார். அவர் மகன் அலி உசேன் ஆட்சியை ஒப்படைக்க மறுக்கவே, தம்பி மகன் அசீமுத்தவுலாவை நவாபாக்கி, ஜூலை 31-இல் ஒப்பந்தம் முடித்தார்கள். வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு நவாபுக்கு. ஆட்சி முழுதும் கம்பெனிக்கு.

நான் வருவாய்த் துறையில் இருந்தவன். ஒரு கிராம உதவியாளர் மீது புகார் வந்தால்கூட, மெமோ கொடுத்து விளக்கம் கேட்காமல் நடவடிக்கை எடுக்க முடியாது. ஒரு ராஜ்ஜியத்தையே எடுத்துக்கொண்டவர்கள், உம்தத்துல் உம்ரா உயிரோடிருந்தபோது அவரிடம் விளக்கம் கேட்கவில்லை.

தாசில்தார், ஜமாபந்தி, பசலி என்ற சொற்கள் மட்டும் அந்தக் காலத்திலிருந்து நம்மிடம் தங்கிவிட்டன. பணிக்காலம் முழுக்கப் பசலி ஆண்டு எழுதிய எனக்கு, இந்தக் கதை ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிய வந்தது.