ரசீது இல்லாத அடகு

திண்டிவனத்தை அடுத்த ஒரு தனியார் நர்சிங் பள்ளியில் என் தங்கை சேர்ந்தபோது அவளுக்கு வயது 17. சேர்க்கையன்றே பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் உட்பட எல்லா ஒரிஜினலையும் அலுவலகத்தில் வாங்கிவைத்துக்கொண்டார்கள். படிப்பு முடிந்ததும் அவர்களுடைய மருத்துவமனையிலேயே இரண்டு ஆண்டுகள் வேலை செய்ய வேண்டும், தவறினால் ஐம்பதாயிரம் ரூபாய் தர வேண்டும் என்று முத்திரைத்தாளில் எழுதியிருந்தது. அவள் கையெழுத்திட்டாள், ஜாமீனாக அப்பாவும் போட்டார்.

2012இல் அவளுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. சான்றிதழைக் கேட்டோம், பத்திரத்தைக் காட்டினார்கள். அம்மா சொன்னாள்: "நகைய வச்சா அடகுக்கடையில ரசீது தராங்க. புள்ள படிப்பயே வாங்கி வச்சிக்கிட்டு ஒரு துண்டுச் சீட்டுகூடத் தரலியே." அப்பா வட்டிக்கு வாங்கிக் கட்டினார்.

அந்தப் பத்திரத்தைச் சட்டத்தோடு வைத்துப் பார்க்க எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இல் வந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் மேரி ஷார்லீப் முதலான பெண்கள் நுழைந்தது 1875இல். மருத்துவம் படிக்கும் பெண்ணை மனத்தில் வைத்து எழுதிய சட்டமல்ல அது. ஆனாலும் அதன் பல பிரிவுகள் என் தங்கையின் பக்கம் நின்றிருக்கும்.

பிரிவு 11இன்படி 18 வயது நிறையாதவர் ஒப்பந்தம் செய்ய முடியாது. அப்படிச் செய்தது செல்லவே செல்லாது என்று 1903இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. பிரிவு 74இன்படி, பத்திரத்தில் எவ்வளவு தொகை எழுதியிருந்தாலும், அதற்குள் நியாயமான இழப்பீடு மட்டுமே கேட்கலாம். பாக்கிக்காக ஒருவர் பொருளைப் பிடித்துவைக்கும் பொது உரிமையைப் பிரிவு 171 வங்கியாளர் முதலிய ஐந்து வகையினருக்கு மட்டுமே தருகிறது. அதில் கல்வி நிறுவனம் இல்லை. கல்விச் சான்றிதழ் விற்று வாங்கும் சரக்கல்ல, அதன்மேல் இந்த உரிமை செல்லாது என்று மருத்துவர்கள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

அரசு மருத்துவர்களின் சேவைப் பத்திரம் வேறு கதை. பொதுநலனுக்காக அரசுக்கு எழுதித்தரும் பத்திரத்துக்குப் பிரிவு 74இலேயே விதிவிலக்கு உண்டு. மக்கள் பணத்தில் உயர்படிப்பு படித்தவர்களிடம் மாநில அரசுகள் சேவை கேட்கலாம் என்று 2019இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. என் தங்கையோ முழுக் கட்டணமும் கட்டிப் படித்தவள். அவள் யாருக்குக் கடன்பட்டாள்?

இந்தக் கேள்வியைத் தெருவில் கேட்டவர்கள் செவிலியர்கள். பத்திரமும் சான்றிதழ்ப் பறிப்பும் வேண்டாமென்று தனியார் மருத்துவமனைப் பெண்கள் 2011இல் பல ஊர்களில் போராடினார்கள். சேவைப் பத்திரம் கூடாதென்று அவ்வாண்டே இந்திய நர்சிங் கவுன்சில் அறிவித்தது. 2012இல் சென்னையிலும் வேலைநிறுத்தம் நடந்தது. நாங்கள் பணம் கட்டியதும் அதே ஆண்டில்தான். அந்த அறிவிப்பு எங்கள் வீடுவரை வரவில்லை.

வராமல்போவதன் விலை பெரிது. 2016 ஜனவரியில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்துச் சின்னசேலம் அருகே, இயற்கை மருத்துவக் கல்லூரி மாணவிகள் மூவர் கிணற்றில் பிணமாக மீட்கப்பட்டார்கள். கூடுதல் கட்டணம், வசதியின்மை பற்றி அக்கல்லூரி மாணவிகள் முன்பே ஆட்சியர் அலுவலகத்தில் முறையிட்டிருந்தார்கள். சட்டம் புத்தகத்தில் இருந்தது. அவர்கள் சொன்னதைக் கேட்கத்தான் ஆளில்லை.

இப்போது சேர்க்கைக் காலம் வந்தால் தெருப் பிள்ளைகளோடு என் தங்கையும் கல்லூரிக்குப் போகிறாள். ஒரிஜினலைச் சரிபார்த்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்கிறாள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால், தேதியும் முத்திரையும் போட்ட ரசீது வரும்வரை அவள் நாற்காலியைவிட்டு எழுவதில்லை.