சிறுவர் கழகம் (இலங்கை)

சிறுவர் கழகம் என்பது இலங்கையில் கிராம மட்டத்தில் இயங்கும், 18 வயதுக்குட்பட்டோரின் அமைப்பு. நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்பு சேவைகள் திணைக்களம் இதனை வழிநடத்துகிறது. மலையகத் தோட்டங்களானாலும் புத்தளம் மாவட்டத்தின் முந்தல் போன்ற கரையோரப் பிரிவுகளானாலும், கழகம் உயிர்ப்போடு இருப்பது அதை முன்னின்று நடத்தும் மூத்த பிள்ளைகளைப் பொறுத்தது.

பின்னணி

ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயம் 1989 நவம்பர் 20இல் நிறைவேற்றப்பட்டது. இலங்கை 1991இல் அதை ஏற்று, 1992இல் சிறுவர் பட்டயத்தை வெளியிட்டது. தம்மைப் பாதிக்கும் விடயங்களில் கருத்துக் கூற 12ஆம் உறுப்புரையும், ஒன்றுகூடிச் சங்கம் அமைக்க 15ஆம் உறுப்புரையும் சிறுவருக்கு உரிமை தருகின்றன.

அமைப்பு

கிராம அலுவலர் பிரிவில் கழகம் அமைகிறது. உறுப்பினரே தலைவர், செயலாளர், பொருளாளரைத் தெரிவு செய்கின்றனர். அதற்கு மேல் பிரதேச, மாவட்ட, தேசிய மட்டங்களில் சிறுவர் சபைகள் உண்டு. பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் இவற்றை இணைக்கிறார். சமுர்த்தித் திட்டத்தின் கீழும் தனியாகச் சிறுவர் கழகங்கள் உள்ளன. 1979ஆம் ஆண்டின் 69ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் இளைஞர் கழகங்கள் வேறானவை. ஆயினும் சிறுவர் கழகத்தில் வளர்ந்தோர் அடுத்துச் சேரக்கூடிய இடம் அவையே.

மலையகத்தில்

தோட்டத்தில் கைக்குழந்தைகளைப் பிள்ளைக் காம்பராவில் (தோட்டக் குழந்தைக் காப்பகம்) விட்டுவிட்டுத் தாய்மார் தேயிலை மலைக்குப் போவர். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு அந்த ஏற்பாடு இல்லை. பாடசாலை பிற்பகல் 1.30க்கு விட்டுவிடும், கொழுந்தை நிறுத்துக் கொடுத்துத் தாய் லயத்துக்கு (தோட்ட வரிசை வீடு) திரும்ப மாலையாகிவிடும். இந்த இடைவெளியை நிரப்புவோர் பெரும்பாலும் அக்காமாரும் அண்ணன்மாருமே. உயர்தரம் படித்தவர்கள் நடத்தும் மாலை வகுப்புகளும் விளையாட்டும் கழகத்துக்கு இயல்பான அடித்தளம் ஆகின்றன. ஒரே கிராம அலுவலர் பிரிவில் பல தோட்டப் பிரிவுகள் அடங்குவதால், பொதுக் கூட்டத்துக்குச் சிறுபிள்ளைகள் மலைப்பாதையில் வெகுதூரம் நடக்க நேர்வதுண்டு.

ஊரின் ஆபத்துகளைச் சிறுவரே வரைபடமாக வரைவது இத்தகைய குழுக்களின் பழக்கமான பயிற்சி. வழுக்கும் படிகள், மூடாத கிணறு, வெடித்த மண்மேடு என்று பெரியவர்கள் பார்த்துப் பழகிப்போனவை அதில் இடம்பெறும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மண்சரிவு லயங்களைப் புதைத்தது. மலைநாட்டில் இப்பயிற்சி ஏன் பொழுதுபோக்கல்ல என்பதற்கு அந்நிகழ்வே சான்று.

முந்தலில்

சிலாபம்–புத்தளம் வீதியில், களப்பை ஒட்டி அமைந்த முந்தல் பிரிவில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழ்கின்றனர். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும் இங்கு குடியேறின. எனவே எந்த மொழியில் கூட்டம் நடத்துவது என்பதே பிரதேச மட்டச் சபை ஒன்று முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி. கரைவலைக்கும் மீனவரின் அம்பாப் பாடலுக்கும் பேர்பெற்ற உடப்பு இப்பிரிவைச் சேர்ந்தது. தென்மேற்குப் பருவக் காற்றில் மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் மீனவர் பலர் கிழக்குக் கரைக்குப் போய் வாடி (தற்காலிகக் குடில்) போட்டுத் தொழில் செய்வர். அப்போது வீட்டுப் பொறுப்பில் ஒரு பங்கு மூத்த பிள்ளைகள் தலையில் விழுகிறது. மலையகத்தின் மாலை வகுப்புகள்போல, இங்கு ஞாயிறு அறநெறி வகுப்புகள் இந்துச் சிறுவரை வாரந்தோறும் ஒன்றுசேர்க்கின்றன.

வரம்புகள்

ஆய்வாளர் ரோஜர் ஹார்ட் 1992இல் யுனிசெஃப் வெளியீட்டில் சிறுவர் பங்கேற்பை எட்டுப் படிகளாக வகுத்தார். அவற்றில் கீழ் மூன்று படிகள் பங்கேற்பே அல்ல என்றார். ஒக்டோபர் 1 சிறுவர் தின மேடையில் பெரியவர்கள் எழுதிக் கொடுத்ததை ஒப்புவிக்கும் பிள்ளை இந்தக் கீழ்ப்படிகளிலேயே நிற்கிறது.

மற்றொரு சிக்கல் வயது. தலைவர் 18ஐ எட்டியதும் விலக வேண்டும். அதற்கு முன்பே கொழும்புக் கடைக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ போய்விடுவோரும் உண்டு. பதினான்கு, பதினைந்து வயதினரிடம் கூட்ட அறிக்கையையும் கணக்கையும் முன்கூட்டியே ஒப்படைத்துப் பழக்கும் கழகம் இந்த மாற்றத்தைத் தாங்கும். ஒருவரை மட்டும் நம்பிய கழகம் அவர் ஊரைவிட்டுப் போவதோடு பெரும்பாலும் கலைந்துவிடும்.