துருவும் ஜீப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

மண்ணுக்குள் கிடந்த கல்லை உருக்கி இரும்பெடுக்க மனிதன் என்று கற்றானோ, அன்றே அவ்விரும்பைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் முயற்சியை இயற்கையும் தொடங்கிவிட்டது. மண்ணிலிருந்து பிரிந்த பொருள் மண்ணோடு மீண்டும் சேரும் வழியில் நடுவே காணப்படும் நிலையே துரு. ஆகவே இரும்பின் வரலாற்றை எழுதப் புகுவோர் துருவின் வரலாற்றையும் எழுதியே ஆகவேண்டும். இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் நமக்கு, இரும்பும் துருவும் நாள்தோறும் கோப்புகளில் வந்து போகும் விஷயங்கள். எனினும் ஈண்டு நாம் எடுத்துக்கொண்டது ரயில் வண்டியன்று. மைசூரிலிருந்து ஹுன்சூர், பிரியாப்பட்டணம் கடந்து குடகு மலைக்குச் செல்வோர் வழியெங்கும் காணும் பழைய ஜீப் வண்டியும், அதன் உடன்பிறப்பான நான்கு சக்கர இழுவையுடைய சிறு சரக்கு வண்டியுமே ஆகும்.

இவ்வண்டி பிறந்தது போர்க்களத்திற்காக. 1940-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அமெரிக்கப் படைத்துறை, நான்கு சக்கரங்களும் இழுக்கும் இலகுவான வண்டியொன்று வேண்டுமென்று நூற்று முப்பத்தைந்து நிறுவனங்களுக்கு எழுதியது. காலக்கெடுவோ மிகக் குறைவு. பான்டம் என்னும் சிறிய நிறுவனம் அவ்வாண்டு செப்டம்பரிலேயே மாதிரி வண்டியைக் கொணர்ந்து நிறுத்தியது. ஆனால் பெரிய ஒப்பந்தம் வில்லிஸ் நிறுவனத்துக்கும், பின்னர் ஃபோர்டுக்கும் போயிற்று. முதலில் உழைத்தவன் ஒருவன், பயன் கொண்டவன் வேறொருவன் என்பது தொழில் உலகில் புதிதன்று. போர் முடிவதற்குள் அவ்விரு நிறுவனங்களும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. 1947-இல் வில்லிஸ் நிறுவனம் அதே உறுப்புகளைக் கொண்டு, பின்புறம் சரக்குத் தொட்டியுடன் கூடிய நான்கு சக்கர இழுவை வண்டியைச் சந்தைக்கு அனுப்பியது. உழவரும் தோட்டக்காரரும் வேட்கையோடு வாங்கிய வண்டி அது.

நம் நாட்டுக்கு அது வந்த கதை இன்னும் சுவையானது. 1945-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் லூதியானாவில் மஹீந்திரா அண்டு முகம்மது என்ற பெயரில் ஒரு நிறுவனம் தோன்றியது. அதன் முதல் தொழில் எஃகு வாணிபம். நாடு பிரிந்தபோது பங்காளரான குலாம் முகம்மது பாகிஸ்தான் சென்று, அந்நாட்டின் முதல் நிதியமைச்சராகவும் பின்னர் கவர்னர் ஜெனரலாகவும் விளங்கினார். 1948-இல் நிறுவனத்தின் பெயர் மஹீந்திரா அண்டு மஹீந்திரா ஆயிற்று. 1949-இல் பம்பாய் மஜகானில் வில்லிஸ் ஜீப்பின் உறுப்புகளைப் பூட்டி வண்டியாக்கும் வேலை தொடங்கியது. எஃகு விற்க வந்தவர்கள் எஃகு வண்டி செய்யலாயினர். 1960-களின் நடுவில், ஓட்டுநர் இயந்திரத்தின் மேலேயே அமர்ந்து செலுத்தும் எஃப்.சி. 150 என்னும் சரக்கு வண்டியும் அந்நிறுவனத்திலிருந்து வெளிவந்தது. முகம் தட்டையாக, முன் சக்கரத்துக்கு மேலேயே கேபின் அமைந்த அவ்வண்டியைக் கண்டவர் எளிதில் மறவார்.

அதே காலத்தில் ஜீப் என்ற சொல் பாராளுமன்றத்தையும் கலக்கியது. 1948-இல் காஷ்மீர்ப் போரின் அவசரத்துக்காக லண்டனிலிருந்த நம் ஹைகமிஷனர் அலுவலகத்தின் வழியாகச் சீரமைக்கப்பட்ட பழைய ஜீப்புகளை வாங்க ஒப்பந்தம் ஒன்று செய்யப்பட்டது. வந்திறங்கிய 155 வண்டிகளும் பயன்படத் தக்கன அல்ல என்ற குறைபாடு எழுந்தது. அவ்விவகாரம் முடிந்துவிட்டதாக 1955-இல்தான் அரசு அறிவித்தது. அதன் அரசியல் நமக்கு வேண்டா. “சீரமைத்த வண்டி” என்ற சொல்லை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற ஐயம், சுதந்திர பாரதத்தில் அன்றே முளைத்துவிட்டது என்பதே நாம் குறிக்க விரும்புவது. மேலே புதுப் பச்சை வர்ணம், உள்ளே பழைய துரு என்னும் வியாபாரம் இன்றும் மறைந்தபாடில்லை.

நிற்க. இவ்வண்டி ஏன் இத்தனை ஆண்டுகள் பிழைத்தது? அதன் தகடுகள் பெரும்பாலும் தட்டையானவை. வளைவும் நெளிவும் மிகுந்த காரின் மட்கார்டை அச்சில் அழுத்தித்தான் செய்யவேண்டும். ஜீப்பின் மட்கார்டை ஊர்ப் பட்டறையில் டிங்கர் வேலை தெரிந்த ஒருவர், தகடு வெட்டும் கத்திரியும் சுத்தியலும் கொண்டு செய்துவிடுவார். இவ்வெளிமையே அதன் ஆயுள் பலம். இதுவே அதன் ஆபத்தும் ஆயிற்று. பஞ்சாப் எல்லையிலுள்ள மண்டி டப்வாலி என்னும் ஊரில் பழைய உறுப்புகளையும் புதிய தகட்டையும் கூட்டி ஜீப் செய்து தரும் தொழிலே பெருகியது. வேண்டியவர்க்கு வேண்டிய வடிவில் வண்டி கிடைக்கும். ஆனால் அதனைச் சீரமைப்பு என்று சொல்ல நம் மனம் ஒப்பவில்லை. கோவிலை இடித்து அதே இடத்தில் சிமெண்டுக் கோபுரம் எழுப்பிவிட்டுத் திருப்பணி என்று பெயரிடுவது எத்தகையதோ, அத்தகையதே இதுவும். பழைய இரும்பு எவ்வளவு நிற்கிறதோ அவ்வளவே சீரமைப்பு, மீதி புதுவண்டி.

அப்படியானால் பழைய இரும்பை நிறுத்துவது எவ்வாறு? இங்குதான் துருவின் இயல்பை அறியவேண்டும். இரும்பு, நீர், பிராணவாயு ஆகிய மூன்றும் கூடினால்தான் துரு உண்டாகும். மழை பெய்ய வேண்டுமென்பது கூட இல்லை. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு அறுபதைத் தாண்டினாலே அரிப்பு விரைவுபடுகிறது என்று வெர்னன் என்னும் ஆங்கில அறிஞர் 1930-களில் காட்டினார். துரு, தான் தோன்றிய இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பற்றவைத்த இரு தகடுகளுக்கு நடுவே அது புகுந்தால், ஆப்பு அடித்ததுபோல் அவற்றைப் பிளந்துவிடும். குடகின் மழைக்கால மாதங்களில் நிறுத்தியே வைத்த வண்டி, ஓடிய வண்டியைவிட முன்னதாகக் கெடுவதற்குக் காரணம் இதுவே. ராமேசுவரம், காசிமேடு போன்ற கடற்கரைகளில் மீன் ஏற்றும் வண்டிகளின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. பனிக்கட்டியும் உப்பும் கரைந்த நீர், சரக்குத் தொட்டியின் இடுக்குகள் வழியே சேஸிஸ் மீது நாளெல்லாம் சொட்டிக்கொண்டிருக்கும்.

ரயில் துறையிலும் இதே பாடந்தான். 1955-இல் பெரம்பூரில் தொடங்கிய இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையின் பழைய மாதிரிப் பெட்டிகளில் அரிப்பு எங்கே மிகுதி என்று பணிமனையாளரைக் கேட்டால், கழிவறையின் அடித்தளமும், பக்கச் சுவர் கீழ்ச் சட்டத்தோடு மடியும் இடமும் என்பார்கள். நீர் தேங்கும் இடம், காற்றுப் புகாத மூலை, கண்ணுக்குத் தெரியாத மடிப்பு. வண்டி எதுவாயினும் துருவின் முகவரி ஒன்றே. சரக்கு ஜீப்பில் அவை கேபினில் கால் வைக்கும் தளம், மின்கலம் வைக்கும் தட்டு, கதவின் கீழ்விளிம்பு, தொட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள், சேஸிஸோடு உடற்பகுதி பூட்டப்படும் ரப்பர்க் கட்டைகளின் அடிப்பக்கம் ஆகியன. இவற்றைப் பார்க்காமல் பானெட்டின் மினுமினுப்பைப் பார்த்து விலை பேசுவோர் உளர். நீராவி இயந்திரக் காலத்தில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி ஒலி கேட்டுப் பழுது கண்டுபிடிப்போர் நிலையங்களில் இருந்தனர். அதே முறையைச் சேஸிஸுக்கும் கையாளலாம். நல்ல இரும்பு கணீரென்னும். அரித்த இரும்பு தகரம்போல் மங்கி ஒலிக்கும்.

துருவை வெல்ல மனிதன் கண்ட வழிகளுள் தொன்மையான சான்று தில்லியில் நிற்கிறது. இரண்டாம் சந்திரகுப்தன் காலத்ததாகக் கருதப்படும் இரும்புத் தூண் ஏறத்தாழ ஆறு டன் எடையுள்ளது. ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாகப் பெரிதும் அழியாது நிற்பது. அதன் மறைபொருளைக் கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியராக விளங்கி 2009-இல் மறைந்த ஆர். பாலசுப்பிரமணியம் விளக்கினார். அக்காலத்து உருக்குமுறையால் இரும்பிலேயே தங்கிவிட்ட பாஸ்பரஸ் மிகுதி, நாளடைவில் மேற்பரப்பில் பாஸ்பேட்டுப் படலமாக மாறி உள்ளிரும்பைக் காக்கின்றது என்பது அவர் முடிபு. இதில் வியப்பு யாதெனில், 1906-இல் இங்கிலாந்தில் காஸ்லெட் என்பவர் உரிமை பெற்ற முறையும் இதனை ஒத்ததே: பாஸ்பாரிக் அமிலக் கரைசலில் இரும்பை இட்டு, அதன் மேல் பாஸ்பேட்டுப் படலம் உண்டாக்குவது. இன்று பட்டறையில் துரு நீக்கும் திரவம் என்று பாட்டிலில் விற்கப்படுவனவற்றுள் பெரும்பாலானவை அவ்வமிலத்தின் வழிவந்தவையே. குப்தர் காலத்துக் கொல்லர் அறியாமலே செய்ததை, நாம் அறிந்து தூரிகையால் பூசுகிறோம்.

அடுத்தது துத்தநாகம். 1837-இல் பிரெஞ்சு நாட்டுச் சோரல் என்பவர் இரும்புக்குத் துத்தநாகப் பூச்சிடும் முறைக்கு உரிமை பெற்றார். வர்ணம் போர்வையாக மட்டுமே நிற்கும். கீறல் விழுந்தால் அவ்விடத்தில் இரும்பு வெறுமையாகிவிடும். துத்தநாகமோ, அருகில் கீறல் விழுந்தாலும் தானே முதலில் கரைந்து இரும்பைக் காக்கும். பழைய வண்டிக்கு முழுமையாகத் துத்தநாகக் குளியல் தருவது எளிதன்று. ஆதலின் துத்தநாகத் தூள் மிகுந்த பிரைமரைப் பூசுவர். சுத்தமான உலோகத்தின் மேல் நேரே பூசினால்தான் அது வேலை செய்யும். துருவின் மேலோ பட்டியின் மேலோ பூசினால் காசு போயிற்று என்று வைத்துக்கொள்ள வேண்டியதே.

வர்ணத்தைப் பற்றிச் சொல்லும்போது நம் நகரத்தின் பெருமையை விட்டுவிட இயலாது. நாலாம் கிருஷ்ணராஜ உடையார் ஆட்சியில் 1937-இல் மைசூரில் அரக்கு, வர்ணத் தொழிற்சாலை தொடங்கப் பெற்றது. 1962 பொதுத் தேர்தல் முதல் வாக்காளர் விரலில் இடும் அழியா மை செய்து அது உலகப் புகழ் பெற்றதை எல்லோரும் அறிவர். அதன் பிறவித் தொழில் வர்ணமும் வார்னிஷும் என்பதைச் சிலரே நினைப்பர். முற்காலத்தில் பாலங்களுக்கும் வண்டிகளுக்கும் முதற்பூச்சாக ஈயச் செந்தூரம் பெரிதும் வழங்கியது. ஈயம் நஞ்சாதலின் அது ஒதுக்கப்பட்டு வருகிறது. பழைய வண்டியின் வர்ணத்தை உப்புத்தாளால் உலர்வாகத் தேய்ப்போர் அத்தூளைச் சுவாசிக்கலாகாது என்பது இதனாலேயே. பட்டறைகளில் சிவப்பாகக் காணும் ரெட் ஆக்சைடு, துருவுக்கு உறவான இரும்பு ஆக்சைடே. எதிரியின் உடுப்பையே அணிந்து காவல் நிற்கும் வீரன் போலும்!

துருவை ஆராய்வதற்கென்றே தமிழகத்தில் ஒரு நிலையம் இருப்பதும் நம் வாசகர் அறியத் தக்கது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளிக்க, 1948-இல் பண்டித நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரி 14 பொங்கல் திருநாளன்று காரைக்குடியில் திறக்கப்பெற்றது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். மண்டபம் கடற்கரையில் அதன் ஆய்வுக்களம் உண்டு. உலோகத் தகடுகளை உப்புக்காற்றில் வைத்து, அவை அரிக்கப்படுவதை அளந்து வருவர். மண்டபத்தைத் தேர்ந்தது பொருத்தமே. அருகிலுள்ள பாம்பன் பாலம் 1914 முதல் அக்காற்றோடு போராடியது. 1964 புயலில் சிதைந்து 46 நாட்களில் சீர்செய்யப்பட்டது. ஆயினும் இறுதியில் அதனை ஓயச்செய்ததில் அரிப்புக்கும் பங்குண்டு. 2022 டிசம்பரில் அதில் ரயில் நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது.

இனி வேலையின் முறை. உடற்பகுதியைச் சேஸிஸிலிருந்து பிரிக்காமல் செய்வது அரைவேலை. பிரித்தபின், தடித்த சேஸிஸுக்கு மணல் வீச்சு நன்று. மெல்லிய தகட்டில் அது மிகுந்தால் தகடு நெளியும், அங்கே கம்பித் தூரிகையும் அமிலமுமே தக்கவை. அரித்துச் சல்லடையான பகுதியை வெட்டியெறிந்து, அதே கனத் தகட்டைப் பற்றவைக்க வேண்டும். துளையின் மேல் பட்டி அப்பி மறைப்பது வண்டிக்கும் வாங்குவோர்க்கும் இழைக்கும் வஞ்சனை. அடிப்பாகத்துக்குத் தார் கலந்த பூச்சுப் பலரும் இடுகின்றனர். உலர்ந்த சுத்த இரும்பின் மேல் அது கவசம், ஈரத்துருவின் மேலோ அது மூடி போட்ட பானை. பெட்டிபோல் மூடிய சட்டங்களின் உட்புறத்துக்குத் தூரிகை எட்டாது. ஆங்கு மெழுகு கலந்த எண்ணெயைக் குழாய் வழியே பீச்சுவர். நீர் வடியும் துளைகளை மட்டும் எக்காரணங்கொண்டும் அடைக்கலாகாது. புதுப்பூச்சின் உற்சாகத்தில் பலர் செய்யும் கேடு அதுவே.

ஐம்பது ஆண்டு கடந்த, சொந்த உபயோகத்துக்கான பழைய வண்டிகளுக்கென 2021-இல் நடுவண் அரசு தனி விதி வகுத்தது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், பத்தாண்டு செல்லுபடி, எண்பலகையில் ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகள். மூல உருவில் பெருமாற்றம் செய்யப்பட்ட வண்டிக்கு அதில் இடமில்லை. சேஸிஸில் வெட்டிய எண்ணே வண்டியின் பிறப்புச் சான்று. துரு அதனையும் அரிக்கும், கவனமற்ற மணல் வீச்சும் அதனை அழிக்கும். ஆகவே பிரிக்கும் முன்னரே அவ்வெண்ணின் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்து, பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பத்திரப்படுத்துக. மணல் வீசும் வேளையில் அவ்விடத்தைக் கனத்த நாடா ஒட்டி மறைத்து, பின்னர்க் கையால் மெல்லத் துடைத்து, வர்ணத்தைக் கனமாகப் பூசாமல் எண் தெரியும்படி மெழுகு மட்டும் தடவி வைப்பது நன்று.