ஆற்றுக்கால் பகவதி

திருவனந்தபுரத்தில் கிள்ளியாற்றங்கரையில், பத்மநாபசுவாமி கோயிலிலிருந்து ஏறக்குறைய 2 கி.மீ. தொலைவில் குடிகொண்டுள்ள தெய்வம். வழிபாட்டில் பத்திரகாளி, கதையிலோ கண்ணகி.

மதுரையை எரித்த கண்ணகி கன்னியாகுமரி வழியாகக் கொடுங்கல்லூருக்குச் செல்கையில் இங்கே தங்கினாள் என்பது தல வரலாறு. கிள்ளியாற்றில் குளித்துக்கொண்டிருந்த முல்லுவீட்டுக் காரணவரிடம் (குடும்பத் தலைவரிடம்) ஒரு சிறுமி தன்னை அக்கரை சேர்க்கக் கேட்டாளாம். வீட்டுக்கு அழைத்துவந்ததும் மறைந்துவிட்டாள். இரவு அவர் கனவில் வந்து, அருகிலுள்ள காவில் (தெய்வச் சோலையில்) 3 கோடுகள் தெரியும் இடத்தில் தன்னைக் குடியிருத்தச் சொன்னாள்.

கும்ப மாதத் திருவிழா 10 நாள். காப்புக் கட்டியதும் தோற்றம்பாட்டு தொடங்கும். கண்ணகியின் கதையை நாள்தோறும் பாடுவார்கள். சிலப்பதிகாரம் படித்தவர் திடுக்கிடும் இடம் ஒன்று இதில் உண்டு. காப்பியத்தில் பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் தன் பிழையறிந்து அரியணையிலேயே விழுந்து இறக்கிறான். இந்தப் பாட்டிலோ பாண்டியனை அம்மையே கொல்கிறாள். 9ஆம் நாள், பூர நட்சத்திரத்தன்று, அந்தப் பகுதியைப் பாடி முடித்ததும்தான், பெண்கள் பானையில் பொங்கிப் படைக்கும் பொங்காலைக்குத் தீ மூட்டுகிறார்கள்.

கருவறை விளக்கிலிருந்து தலைமைக் குருவான தந்திரி எடுத்துத் தரும் தீ, முதன்மைப் பூசாரியான மேல்சாந்தி கைக்கு வந்து, கோயில் முன்னுள்ள தலைமை அடுப்பான பண்டார அடுப்பைச் சேரும். அதன்பின் மற்ற அடுப்புகள் எரியும். கோயிலைச் சுற்றிப் பல கி.மீ. தூரம் சாலையோரம், வீட்டு வாசல், ரயில் நிலைய முன்புறம் என எங்கும் செங்கல் அடுப்பும் மண்பானையுமாகப் பெண்கள். ஓலைப் புகையில் கண் எரியும். பச்சரிசியும் வெல்லமும் தேங்காயும் சேர்ந்த பாயசமே முதன்மை. மண்டப்புட்டும் தெரளியப்பமும் உண்டு. பின்னது நாஞ்சில் நாட்டாருக்குத் தெரளிக் கொழுக்கட்டையாகப் பழக்கமானது. குமரி மாவட்டத்துப் பெண்களும் இங்கே பானை வைக்க வருகிறார்கள். பிற்பகலில் பூசாரிகள் தெருத்தெருவாகத் தீர்த்தம் தெளித்த பிறகே பானைகள் வீடு திரும்பும்.

ஒரே நாளில் பெண்கள் கூடும் மிகப்பெரிய விழா எனக் கின்னஸ் புத்தகத்தில் இது 1997இல் 15 லட்சம் பேருடனும் 2009இல் 25 லட்சம் பேருடனும் இடம்பெற்றது. கொரோனா காரணமாக 2021இல் பொங்காலை வீடுகளுக்குள் அடங்கியது.

சிறுவர்களின் குத்தியோட்டம் இன்னொரு நேர்ச்சை. விலாவில் மெல்லிய கம்பி கோக்கும் வழக்கம் பற்றி 2018இல் கடும் விவாதம் எழுந்தது.

பொங்காலை முடிந்ததும் மாநகராட்சி தெருக்களைக் கழுவி, கிடக்கும் செங்கற்களைத் திரட்டுகிறது. ஏழைகளுக்கான வீட்டுத் திட்டத்துக்கு அவை போகின்றன.