ராஜாஜி: ஆலய நுழைவும் 'குலக்கல்வி'யும்... எப்படி எடைபோடுவது?

தாம்பரத்திலிருந்து நகருக்குள் வரும் வழியில், கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் ராஜாஜி, காமராஜர் இருவருக்கும் நினைவிடங்கள் உள்ளன. ராஜாஜியை எடைபோட இருவரையும் சேர்த்தே பார்க்கணும்.

என்ன செய்தார்?
1939-ல் ராஜாஜி அரசு ஆலய நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பு தந்தது. 1953-ல் அவரே கொண்டுவந்த திட்டத்தில் கிராமப் பிள்ளைகளுக்கு தினமும் 3 மணி நேரம்தான் பள்ளி. மீதி நேரம் பெற்றோர் தொழில். ஷிஃப்ட் முறையில் அதிகப் பிள்ளைகள் படிக்கலாம் என்பது அரசின் வாதம்.

'அந்தக் காலம் அப்படி' எனலாமா?
முடியாது. 'குலக்கல்வி' எனப் பெரியார் அப்போதே எதிர்த்தார். 1954-ல் முதல்வரான காமராஜர் திட்டத்தைக் கைவிட்டு, பள்ளிகளைப் பெருக்கினார்.

சரி, தீர்ப்பு?
ஒன்றைக் காட்டி மற்றதைக் கழிக்க வேண்டாம். யாருக்குக் கோயில் கதவு திறந்ததோ, அவர்கள் பிள்ளைகளுக்கே வகுப்பறைக் கதவு பாதி மூடியது. இரண்டுமே ராஜாஜிதான்.